குதிரை மேய்ச்சலுக்கு மர வேலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் குதிரையைப் பிடித்து வருகிறவர்களுக்கு வீடு வந்து சேர்ந்ததும் எழும் முதல் கவலை வேலிதான். கயிற்றிலேயே கட்டி வைத்திருந்த குதிரையை அவிழ்த்து விட்டு மேய்க்க ஆசை. எங்கே விடுவது என்று தெரியாது. கொங்கு நாட்டில் தோட்டம் வைத்துக்கொண்டு ஒன்று முதல் நான்கு குதிரை வரை வளர்ப்பவர்களை மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. மரமும் மண்ணும் இங்கே கிடைப்பவை என்ற கணக்கில்தான் எல்லாம்.

மாட்டுக்குப் போட்ட முள்கம்பி வேலி இருக்கிறதே, குதிரைக்கு அது ஆகாதா?

ஆகாது. மாடு முள்ளில் உரசினால் பின்வாங்கிவிடும். குதிரை அப்படியில்லை. பட்டாசுச் சத்தமோ காற்றில் பறக்கும் சாக்கோ மிரட்டிவிட்டால் முதலில் ஓடும். எதன்மேல் மோதினோம் என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். கம்பியில் கால் மாட்டிக்கொண்டால் நிற்காமல் இழுக்கும். தோல் உரிந்து எலும்பு தெரிகிற கால் காயங்கள் பெரும்பாலும் இப்படி வருபவை. முழங்காலுக்குக் கீழே குதிரைக்குச் சதை கிடையாது, தோலும் நாரும் எலும்பும்தான். ஆற மாதக்கணக்காகும்.

கண்கள் முகத்தின் இரு பக்கமும் இருப்பதால் குதிரை ஏறக்குறையச் சுற்றிலும் பார்க்கும். ஆனாலும் பாய்ச்சலில் மெல்லிய கம்பி அதன் கண்ணுக்குப் படுவதில்லை. ஆறங்குலப் பலகை படும். 400 கிலோ குதிரை முழு வேகத்தில் மோதினால் ஒன்றரை அங்குலப் பலகை எதுவும் தாங்காது. தூரத்திலேயே கண்டு அது திரும்பிக்கொள்வதற்காகத்தான் மரம். உயரம், நிறம், மூலை என்று கீழே வருவதில் பாதி இந்த ஒன்றிலிருந்து பிறப்பதுதான்.

எவ்வளவு உயரம் வேண்டும்?

மார்வாரி, காட்டியவாரி போன்ற பெரிய குதிரைகளுக்கு நாலரை அடி குறைந்தபட்சம், ஐந்தடி இருந்தால் நிம்மதி. பொலிக்குதிரைக்கு, அதாவது விதையடிக்காத ஆண் குதிரைக்கு, ஐந்தரையிலிருந்து ஆறடி. மட்டக்குதிரைக்கு நான்கடி போதும். ஆனால் அது மேலே தாண்டுவதைவிட அடியில் நுழைவதில் கெட்டி என்பதால் கீழ் இடைவெளியைக் குறைக்க வேண்டும்.

எத்தனை சட்டம், என்ன இடைவெளி?

சட்டம் என்பது காலுக்குக் கால் கிடையாக ஓடும் பலகை. நாலரை அடி வேலிக்கு மூன்று சட்டம் கணக்காக வரும். ஆறங்குல அகலச் சட்டம் மூன்று, தரையிலிருந்து முதல் சட்டம்வரை 12 அங்குலம், சட்டங்களுக்கு இடையே பன்னிரண்டு பன்னிரண்டு. கூட்டினால் 54 அங்குலம். ஐந்தடிக்கு நான்கு சட்டம்: கீழே 12, நடு இடைவெளி மூன்றும் எட்டெட்டு அங்குலம்.

கீழே ஓரடி விடுவதற்குக் காரணம் உண்டு. குதிரை மண்ணில் புரளும். வேலியோரம் புரண்டு கால் அடியில் போய்விட்டால், வந்த வழியே திரும்ப இடம் வேண்டும். குளம்பு நுழையும், ஆனால் வெளியே வராது என்கிற இடைவெளிதான் எல்லாவற்றிலும் மோசம். ஒன்று, குளம்பே புகாத அளவுக்கு மூன்றங்குலத்துக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாராளமாக வந்துபோக விட வேண்டும். குட்டி இருந்தால் கீழ் இடைவெளியில் சின்னக் கண் வலை அடியுங்கள், இல்லாவிட்டால் குட்டி அடியில் உருண்டு வெளியே போய்விடும்.

பண்ணை வீடுகளிலும் ரிசார்ட்டுகளிலும் பெருக்கல் குறி போலச் சட்டங்களைக் குறுக்கே அடித்த வேலியைப் பார்த்திருப்பீர்கள். அழகாகத்தான் இருக்கிறது. அந்தக் குறுகிய கோணத்துக்குள் குளம்பு இறங்கினால் இறங்க இறங்க இறுகும். குதிரை இல்லாத இடத்தில் போட்டுக்கொள்ளட்டும். கூர்முனை மூங்கில் வரிச்சு வேலிக்கும் இதுவே பதில்.

எந்த மரம் வாங்குவது?

மண்ணுக்குள் போகும் காலையும் மண்ணைத் தொடாத சட்டத்தையும் ஒரே மரத்தில் செய்ய வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். தேவையில்லை. இரண்டுக்கும் எதிரிகள் வேறு. காலுக்குக் கரையானும் ஈரமும். சட்டத்துக்கு வெயிலும் குதிரையின் பல்லும்.

காலுக்குக் கருவேலம் நல்லது, வைரம் பாய்ந்ததாக இருந்தால் மட்டும். மர மில்லில் அறுத்த முகத்தைப் பாருங்கள்: நடுவே கருஞ்சிவப்பாக இருப்பது வைரம், ஓரத்தில் வெளுத்திருப்பது வெள்ளை. கரையான் முதலில் வெள்ளையைத்தான் தின்னும். நான்கங்குலத் தடியில் இரண்டங்குலம் வெள்ளை என்றால் இரண்டே வருடத்தில் உங்கள் கையில் மிஞ்சுவது இரண்டங்குலக் கால். இளந்தேக்கிலும் இதே சங்கடம். தேக்கு என்ற பெயரை நம்பி வாங்கினால் தோட்டத்தில் கழித்துப்போட்ட சின்ன மரத்தில் பெரும்பகுதி வெள்ளையாகத்தான் இருக்கும். சீமைக்கருவேலத்தின் வைரம் உழைக்கும். நேரான எட்டடித் தடி கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு.

சவுக்கு மலிவு, எங்கும் கிடைக்கும், நேராகவும் இருக்கும். அதை மண்ணில் நட்டால் கரையானுக்கு விருந்து. பட்டை உரித்துச் சட்டமாகப் போடுங்கள், சில வருடம் வரும். பட்டையோடு போட்டால் குதிரையே உரித்துக் கொடுத்துவிடும். தைலமரத்தை அறுத்த உடனே அடித்தால் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். நிழலில் அடுக்கி நன்றாகக் காயவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். வேம்பு கிடைத்தால் சட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பனஞ்சட்டத்தைப் பலர் சொல்வார்கள். முதிர்ந்த பனையின் கறுப்பு வைரம் வீட்டு விட்டத்தில் தலைமுறை தாண்டி நிற்கும் என்பது உண்மை. ஆனால் பனஞ்சிராய் ஊசி போல ஏறும். குதிரை கழுத்தைத் தேய்க்கும் இடத்தில் அது வேண்டாம். தவிரவும் பனை மாநில மரம். வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்திருக்கிறார்கள்.

காலுக்குக் கல் நடலாமா? எங்கள் பக்கம் கல்லுக்கால்தான் வழக்கம்.

தாராளமாக நடலாம். என்னைக் கேட்டால் கொங்கு நாட்டில் குதிரை வேலிக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. கல்லுக்காலைக் கரையான் தொடாது. மரத்துக்கான பணத்தைக் குதிரை பார்க்கிற, உரசுகிற இடத்தில் மட்டும் போடலாம். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். உடைத்த கல்லின் விளிம்பு கத்திபோல இருந்தால் உளியால் மழுக்கிவிடுங்கள். சட்டங்கள் கல்லுக்கு உட்பக்கம், அதாவது குதிரை நிற்கும் பக்கம் ஓடட்டும். அப்போது குதிரை ஓரமாக ஓடினாலும் தோள்பட்டை மரத்தில் உரசுமே தவிரக் கல்லில் இடிக்காது.

சட்டம் உட்பக்கம் என்ற விதி மரக்காலுக்கும் உண்டு. குதிரை சாயும்போது சட்டம் காலோடு சேர்ந்து அழுந்த வேண்டும். வெளிப்பக்கம் அடித்தால் ஒவ்வொரு சாய்வும் ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிவிடும்.

எவ்வளவு ஆழம் குழி எடுப்பது?

எட்டடிக் கால் என்றால் மூன்றடி மண்ணுக்குள், ஐந்தடி வெளியே. கால்களுக்கு இடையே எட்டடி. செம்மண்ணிலும் சரளையிலும் இது போதும். குழியில் அரையடிக்கு ஒருமுறை மண் போட்டுக் கடப்பாரையின் மொட்டை முனையால் இறுக இடிக்க வேண்டும். குழி நிறையக் கொட்டிவிட்டு மேலாக மிதித்துவிட்டுப் போகிற ஆள் வேலைக்கு ஆகமாட்டார்.

கரிசல் மண் வேறு ரகம். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். ஒவ்வொரு முறையும் காலை அசைத்துக் கொடுக்கும். அங்கே அரையடி கூடுதலாக ஆழப்படுத்தி, சுற்றிலும் சரளை போட்டு இடியுங்கள்.

மரக்கால் அழுகுவது அடியில் அல்ல, தரைமட்டத்தில்தான். ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் அது. சுற்றிலும் மண்ணை மேடாக அணைத்து மழைத் தண்ணீர் விலகி ஓடும்படி செய்யுங்கள். சிமென்ட் கொட்டுவதானால் மேல்முகம் சரிவாக இருக்க வேண்டும். கிண்ணம்போலக் குழிந்து தண்ணீர் தங்கினால் சிமென்ட் போடாமலே இருந்திருக்கலாம்.

ஆணியா, போல்ட்டா?

போல்ட். உருண்டைத் தலை உள்ளே, நட்டு வெளியே. மரம் காய்ந்து சுருங்கும்போது ஆணி தளரும், விழும், புல்லில் கிடக்கும். குளம்பில் ஏறிய ஆணி சாதாரணக் காயம் இல்லை: இரணஜன்னிக்கு (டெட்டனஸ்) மிக எளிதில் ஆட்படும் விலங்குகளில் குதிரை ஒன்று. தடுப்பூசி போட்டாயிற்றா என்று கால்நடை மருத்துவரிடம் இன்றே கேட்டுக்கொள்ளுங்கள், வேலி அப்புறம். ஆணிதான் முடியும் என்றால் முறுக்கு ஆணி வாங்குங்கள்; வேலை முடிந்ததும் காந்தம் கட்டிய கயிற்றை வேலியோரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

மரத்துக்கு என்ன மருந்து அடிப்பது? எரிந்த என்ஜின் ஆயில் பூசலாமா?

என்ஜின் ஆயில் வேண்டாம். அதில் உலோகக் கழிவு இருக்கிறது, குதிரை நக்கும்.

முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பற்றியும் கேட்கிறார்கள். கரையானுக்கு நல்ல மருந்து, படகுகளுக்கே பூசுவார்கள். ஆனால் பச்சை எண்ணெய் மனிதர் கையையே கொப்புளமாக்கும். குதிரையின் உதடு என்னாகும் என்று யோசியுங்கள். மண்ணுக்குள் போகும் மூன்றடிக்கு மட்டும் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு நடலாம். அடியைத் தீயில் கருக்கி நடுவது பழைய வழக்கம். செய்யுங்கள், அதை மட்டும் நம்பாதீர்கள்.

அழுத்தமுறையில் மருந்தேற்றிய பச்சை நிறத் தடிகள் கிடைத்தால் காலுக்கு நன்று. தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து அது. அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு 2003 முடிவோடு இதைக் கைவிட்டார்கள். பண்ணை வேலிக்கால்களுக்கு இன்னும் பயன்படுத்துகிறார்கள். காலாக நிற்பதில் பயமில்லை, குதிரை கடிக்கும் சட்டமாகப் போடாதீர்கள். அறுத்து மிஞ்சிய துண்டை எக்காரணம் கொண்டும் அடுப்பில் வைக்க வேண்டாம். சாம்பலில் ஆர்சனிக் தங்கும், அந்தச் சாம்பலை நக்கிய மாடுகள் செத்திருக்கின்றன. தார் எண்ணெய் ஊறிய பழைய ரயில் கட்டைகளையும் குதிரைக்கு எட்டாமல் வையுங்கள்.

என்ன நிறம் அடிப்பது?

வெள்ளை. குதிரைக்கு நீலமும் மஞ்சளும் பிரித்துத் தெரியும். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை மூன்றும் ஏறத்தாழ ஒரே மாதிரி. புல்வெளியில் செங்காவி அடித்த வேலி நமக்குப் பளிச்சென்று இருக்கும், குதிரைக்குப் புல்லோடு புல்லாகக் கலந்துவிடும். பிரிட்டனில் தடை தாண்டும் பந்தயங்களில் நெடுங்காலமாக இருந்த ஆரஞ்சு அடையாளங்களை வெள்ளைக்கு மாற்றியது இதனால்தான். எக்ஸிடர் பல்கலைக்கழகத்தாரின் ஆய்வு அதற்கு அடிப்படை.

பெயின்ட் வாங்கினால் டப்பாவில் ஈயம் பற்றிய குறிப்பைப் படியுங்கள். வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று 2017 நவம்பர் முதல் இந்தியாவில் விதி உண்டு. இரும்புக்கு அடிக்கும் தொழிற்சாலைப் பூச்சுகள் அதில் வராது. பழைய ஸ்டாக்கும் வேண்டாம். சுண்ணாம்பு அடித்தாலே போதும் என்பது என் கட்சி. பொங்கலுக்கு வீட்டுக்கு அடிக்கும்போது வேலிக்கும் ஒரு கை அடித்துவிடலாம். மழையில் கரையும், மறுவருடம் மறுபடி அடிக்கலாம்.

இணையத்தில் எல்லோரும் காட்டுகிற கென்டக்கி வேலி கறுப்பாக இருக்கிறதே என்றால், முன்பு அங்கும் வெள்ளைதான் பெருமை. மைல் கணக்கில் ஓடும் வேலிக்கு அடிக்கடி வெள்ளையடிக்கிற செலவு கட்டுப்படியாகாமல் கறுப்புக்குப் போனார்கள். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

குதிரை சட்டத்தைக் கடித்துத் தின்கிறது. என்ன செய்வது?

முதலில் தீவனத்தொட்டியைப் பாருங்கள், வேலியைப் பிறகு பார்க்கலாம். கொள்ளும் தவிடும் நிறையப் போட்டு வைக்கோலும் புல்லும் குறைத்துக் கொடுக்கப்படும் குதிரைதான் மரம் தின்னும். மென்றுகொண்டே இருப்பதற்குப் பிறந்த வயிறு அது. நாள் முழுதும் நார்த்தீவனம் கிடைத்தால் பாதிக் குதிரைகள் விட்டுவிடும். துணையில்லாமல் தனியாக நிற்பதும் ஒரு காரணம், ஓர் ஆட்டைக் கூட விட்டாலும் பலன் தெரியும். அதற்கும் மசியாத குதிரைக்கு மேல்சட்டத்தின் விளிம்பில் தகடு மடித்து அடியுங்கள். தகட்டு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

கொறங்காட்டுக் கிளுவை வேலி இருக்கிறது. மரம் எதற்கு?

காங்கயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு, அதாவது உயிர்வேலி அடைத்த மேய்ச்சல் நிலம், வைத்திருப்பவர்கள் கேட்பது. நல்ல கேள்வி. அடர்ந்த கிளுவை கண்ணுக்குத் தெரியும், காற்றையும் தடுக்கும். குறை இரண்டு: முள் கண்ணைப் பதம் பார்க்கும், மாடு புகுந்த சந்துகள் இருக்கும். கிளுவைக்கு நாலைந்து அடி உள்ளே தள்ளி இரண்டு சட்டம் மட்டும் ஓட்டுங்கள். வேலி முழுமையாகிவிடும், செலவு பாதி.

வேலியைப் பார்க்கப் போனபோது புல்லையும் பாருங்கள். கொறங்காட்டின் கொழுக்கட்டைப் புல் காங்கயம் மாட்டுக்கு அமுதம். குதிரை அதை மட்டுமே மாதக்கணக்கில் மேய்ந்தால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது. முக எலும்பு வீங்கும், நொண்டும். மாட்டின் இரைப்பை அதைச் சமாளிக்கும், குதிரையால் முடியாது. வேறு தீவனமும் தாதுக்கலவையும் கொடுத்தே ஆக வேண்டும்.

வேலியோரத்தில் அரளி இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள். சில இலைகளே குதிரையைக் கொல்லும். ஆமணக்கு, காட்டாமணக்கு, உண்ணிச்செடி ஆகியவையும் கூடாது. சவுண்டல் ஆட்டுக்கு நல்ல தழைதான், குதிரை தொடர்ந்து தின்றால் பிடரிமயிரும் வால்மயிரும் உதிரும். சந்தையில் வாங்கிய அழகே போய்விடும்.

மூலையும் கேட்டும் எப்படி இருக்க வேண்டும்?

கூர்மூலை வேண்டாம். இரண்டு குதிரை இருந்தால் ஒன்று மற்றொன்றை விரட்டும். மூலையில் மாட்டிய குதிரை உதைபடும், இல்லாவிட்டால் வேலியைத் தாண்டப் பார்க்கும். மூலையில் குறுக்காக இரண்டு கால் நட்டு வளைத்துக் கொடுத்தால் தீர்ந்தது.

கேட் வேலி உயரமே இருக்கட்டும். டிராக்டர் நுழைய 12 அடி. பட்டிக்குப் போடும் படல் குதிரைக்குச் சரிவராது, தலையைக் கொடுத்துத் தூக்கிவிடும். இரும்பு கேட்டையும் அப்படித்தான் கீலிலிருந்து கழற்றும். மேல் கீலின் முளை கீழ்நோக்கி இருக்கும்படி வைத்தால் தூக்க முடியாது. கொண்டி வெளிப்பக்கம், குதிரையின் உதட்டுக்கு எட்டாமல்.

பக்கத்துத் தோட்டத்திலும் குதிரை இருக்கிறது. ஒரே வேலி போதுமா?

பெட்டைக் குதிரைகளும் விதையடித்த குதிரைகளும் பழகிக்கொள்ளும். பொலிக்குதிரை ஒருபுறம் இருந்தால் ஒரே வேலி ஆகாது. வேலிக்கு மேலே கடித்து, சட்டத்துக்கு ஊடே முன்னங்காலால் அடிக்கும். இரண்டு வேலி போட்டு நடுவே இட்டேரி மாதிரி எட்டுப் பத்தடி விடுங்கள். வண்டித் தடமாகவும் உதவும்.

மின்கம்பி சேர்க்கலாமா?

மேல்சட்டத்தின் உட்புறம் ஒரே ஓர் இழை ஓட்டினால் சாய்வதும் கடிப்பதும் நிற்கும், மரத்தின் ஆயுள் கூடும். விநாடிக்கு ஒருமுறைபோலத் துடிப்பாக அனுப்பும் சோலார் வேலிக் கருவி மட்டும்தான். வீட்டு மின்சாரத்தை நேரே கொடுப்பது குற்றம், ஆளையே கொல்லும். காட்டை ஒட்டிய தோட்டமானால் மின்வேலிகளைப் பதிவு செய்வதற்குத் தமிழக அரசு 2023-இல் விதிகள் வகுத்திருக்கிறது. வனத்துறையிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஓர் ஏக்கருக்கு எவ்வளவு மரம் பிடிக்கும்?

சதுரமான ஏக்கரின் ஒரு பக்கம் 209 அடி, சுற்றளவு 836 அடி. எட்டடிக்கு ஒன்று என்றால் 105 கால். மூன்று வரிசைச் சட்டம் 2,508 அடி நீளம். ஆறங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம் கனத்தில் சுமார் 157 கன அடி. நான்கு வரிசைக்கு 209 கன அடி. கழிவுக்குப் பத்து சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே ஏக்கர் 100 அடி அகலத்தில் நீண்டு கிடந்தால் சுற்றளவு 1,072 அடியாகிவிடும். குதிரை ஓட நீளம் நல்லதுதான், பணப்பை ஓடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவ்வளவு பணம் இல்லை. எதைக் குறைக்கலாம்?

பரப்பைக் குறையுங்கள். லாயத்தை ஒட்டி 60 அடிக்கு 120 அடி போதும்: 360 அடி வேலி, 45 கால். குதிரை பெரும்பொழுது அங்கே நிற்கட்டும், மற்ற நிலத்தில் பகலில் ஆள் வைத்து மேய்க்கலாம். ஏக்கர் முழுவதையும் வளைத்து இரண்டங்குல ரீப்பர் அடிப்பவர்கள் மறுவருடம் அதே பணத்தை மறுபடி செலவழிக்கிறார்கள். உயரத்தையும் காலின் ஆழத்தையும் குறைக்கவே வேண்டாம்.

வேலி முடிந்தது. குதிரையை அப்படியே விட்டுவிடலாமா?

மாலையில் விடாதீர்கள். காலை வெளிச்சத்தில், முகக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலியோரமாக ஒரு முழுச் சுற்று நடத்துங்கள்; மூலைகளில் நிறுத்தி மோந்து பார்க்க விடுங்கள். மேல்சட்டத்தில் பழைய வேட்டித் துணியைப் பத்தடிக்கு ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டால் முதல் வாரத்துக்கு உதவும். கயிற்றிலேயே வளர்ந்த குதிரை அவிழ்த்ததும் கண்மண் தெரியாமல் ஓடும். அதனால் விடுவதற்கு முன் வயிறு நிறையப் புல் போட்டுவிடுங்கள், உள்ளேயும் ஒரு கட்டுப் புல்லை நடுவில் பிரித்துப் போடுங்கள். அந்த முதல் நாள் நாயைக் கட்டிவையுங்கள், பம்புசெட் மோட்டாரைப் போடாதீர்கள்.